கண்மாய்க் கரைகளும் மிதிவண்டிப் பயணமும்: இராசபாளையம் – திருவில்லிபுத்தூர் நிலப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மோட்டார் ஊர்திகளின் இடையூறு இல்லாமல் நீர்க்கரைகளின் வழியே மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைவிடப்பட்ட படகுக் கால்வாய்களின் இழுவழிகளில் உருவாயிற்று. தமிழகத்தின் தென்பகுதியில் அத்தகைய கால்வாய்கள் இல்லை, கண்மாய்கள் உள்ளன. இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, கண்மாய்க் கரை ஒரு பயணவழியாக எவ்வாறு அமைகிறது, எங்கே அறுபடுகிறது, அதனை வழியாகப் பேணுவதில் எழும் சிக்கல்கள் எவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கண்மாய், கரைவழி, கலுங்கு, மடை, இழுவழி, மிதிவண்டி, வைப்பாற்றுப் படுகை, குடிமராமத்து.

முன்னுரை

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மிதிவண்டியில் பழகியவருக்கு முக்கால் மணி நேரப் பயணம். ஆயினும் இவ்விரு ஊர்களையும் இணைக்கும் கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் (எண் 744) அந்த முக்கால் மணி நேரத்தை நிம்மதியாகக் கழித்தவர் அரியர். கேரளத்திற்குச் செல்லும் சரக்குந்துகளும் பேருந்துகளும் ஒன்றை ஒன்று முந்தும்போது, மிதிவண்டிக்காரர் சாலையை விட்டு இறங்கிப் புழுதியில் நிற்க வேண்டியுள்ளது. இதே தொலைவைச் சாலைக்கு மேற்கிலும் கிழக்கிலும் கிடக்கும் கண்மாய்க் கரைகளின் வழியே கடக்க முடியுமா என்ற எளிய வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

வினா எளிது, விடை அத்தனை எளிதன்று. நீர்க்கரையில் மிதிவண்டி ஓட்டுதல் என்றவுடன் சுற்றுலா நூல்களில் காணும் பிரான்சுக் கால்வாய்ப் படமே பலர் நினைவில் எழுகிறது. அந்தப் படத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்த்து, ‘நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டுவதும், ‘நம்மிடமும் உண்டு’ என்று பெருமை கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள் ஆகும். இரண்டு நீரமைப்புகளும் வெவ்வேறு தேவைக்காகத் தோன்றியவை. ஆகவே அவற்றின் கரைகளும் வெவ்வேறு இயல்புடையன.

இழுவழியின் கதை

எந்திரப் படகு வருவதற்கு முன்னர்க் கால்வாய்ப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அக்குதிரைகள் நடப்பதற்காகக் கால்வாயின் ஒரு பக்கத்தில் இடையறாத பாதை ஒன்று தேவைப்பட்டது. அதனையே இங்கு இழுவழி எனக் குறிக்கிறோம். குதிரை நின்றால் படகும் நிற்கும் என்பதால், பாலத்தின் அடியிலும்கூட இழுவழி தொடர்ந்து சென்றது. மிதிவண்டிக்காரருக்கு இன்று கிடைக்கும் பெரும்பேறு இதுவே: மேடு பள்ளம் இல்லாத, குறுக்கே சாலை வராத, அறுபடாத வழி.

பியேர் பால் ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்ட தென்பிரான்சின் மிடி கால்வாய், துலூசு நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் செல்கிறது. சரக்குப் போக்குவரத்து இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் மாறிய பின்னர்ப் பயனற்றுப்போன அதன் கரைகள் நடைப்பயணிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் உரியவை ஆயின. 1996இல் யுனெசுகோ அதனை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. கரையில் வரிசையாக நின்ற மரங்கள் ஒருவகைப் பூஞ்சை நோயால் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுள்ளன என்பதையும், நகரத்தை விட்டு விலகிய பல இடங்களில் அப்பாதை இன்றும் வேர் முண்டும் மண்தடமே என்பதையும் படங்கள் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் செசபீக் – ஒகையோ கால்வாய் வேறொரு பாடத்தைத் தருகிறது. வாசிங்டனிலிருந்து மேற்கே கம்பர்லாந்து வரை ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளும் அக்கால்வாயின் மீது மோட்டார்ச் சாலை அமைக்கும் திட்டம் 1950களில் எழுந்தது. நாளிதழ் ஒன்று அதனை ஆதரித்து எழுதியது. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளசு மறுத்து எழுதியதோடு நில்லாமல், 1954இல் அவ்விதழின் ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு கால்வாய்க் கரை முழுவதையும் நடந்தே கடக்கப் புறப்பட்டார். தொடங்கியவர் பலர், இறுதிவரை நடந்தவர் சிலரே. ஆனால் சாலைத் திட்டம் தளர்ந்தது. 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. பிரித்தானியாவில் 1977இல் பிரிசுடல் நகரில் தோன்றிய சசுட்ரான்சு அமைப்பு, கைவிடப்பட்ட இருப்புப்பாதைத் தடங்களையும் கால்வாய்க் கரைகளையும் இணைத்து நாடு தழுவிய மிதிவண்டி வழியை உருவாக்கியது. தென்கொரியா 2012இல் இஞ்சியோன் முதல் பூசான் வரை 633 கிலோமீட்டர் தொலைவுக்கு ஆற்றங்கரை வழியைத் திறந்தது. கொரிய வழி மட்டும் பழைய வழியின் மறுபயன்பாடாக இல்லாமல், பெருஞ்செலவிலான ஆற்றுத் திட்டம் ஒன்றன் பகுதியாகப் புதிதாகக் கட்டப்பட்டது.

தமிழகத்திலும் இழுவழி இருந்தது. 1806இல் பேசில் காக்ரேன் தொடங்கிய கால்வாய், பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1876–78 பஞ்சத்தில் நிவாரணப் பணியாக இணைப்பு வேலைகள் நடந்த பின்னர், பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அதில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்த மனிதர்களே கயிற்றால் இழுத்தனர். குதிரை நடந்த வழி பூங்காவாயிற்று; மனிதன் நடந்த வழி நமக்கு நினைவில்கூட இல்லை. சென்னைக்குள் அக்கால்வாயின் மீது பறக்கும் இருப்புப்பாதையின் தூண்கள் நிற்கின்றன.

கண்மாய்க் கரையின் அமைப்பு

வைப்பாற்றுப் படுகையில் நிலம் மேற்கே மலையடியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் பெய்துவிடுகிறது. ஆறுகள் எவையும் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. ஆகவே ஓடும் நீரைச் சரிவுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பித் தடுத்துத் தேக்குவதே இங்குள்ளோர் கண்ட வழி. தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் இம்முறையில் அமைந்தவையே. வடக்கே ஏரி எனவும், பாண்டிய நாட்டில் கண்மாய், குளம் எனவும் வழங்குவர். கண்வாய் என்பதன் திரிபே கண்மாய் என்பர். பேச்சில் அது கம்மாய்.

பயணவழியாகக் கரையைக் காண்பவர் மூன்று இயல்புகளை உணர வேண்டும். முதலாவது, கரையின் மேற்பரப்பு சமமட்டமாக இருந்தாக வேண்டும். எங்கேனும் ஒரு முழம் தாழ்ந்தாலும் பெருமழையில் நீர் அவ்விடத்தில் வழிந்து கரையை அறுத்துவிடும். எனவே நீர் காக்கும் தேவையே மிதிவண்டிக்கு ஏற்ற மட்டத்தையும் தருகிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கரையில் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் மிதித்துச் செல்லலாம். ஒருபுறம் நீர், மறுபுறம் வயல், கண்மட்டம் மரக்கிளைகளின் உயரத்தில்.

இரண்டாவது, கரை சரிவுக்குக் குறுக்கே கிடப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே சரியும் இந்நிலத்தில் கரைகள் பெரும்பாலும் வடக்கு – தெற்காக, பிறை போல் வளைந்து அமைகின்றன. கால்வாய்களோ கிழக்கு நோக்கி ஓடுகின்றன. மலையடியை ஒட்டித் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் நெடுஞ்சாலையும், அதில் அமைந்த இவ்விரு ஊர்களும் ஏறத்தாழக் கரைகளின் திசையிலேயே உள்ளன. அதாவது, இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் செல்பவருக்குக் கரைகள் துணை நிற்கும் திசையில் கிடக்கின்றன. கால்வாய்கள் குறுக்கே வருகின்றன. ஐரோப்பியக் கால்வாய் வழியில் இதற்கு நேர்மாறாக, கால்வாயே வழி. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் ‘கால்வாய் ஓர மிதிவண்டிப் பாதை’ என்று இங்கே திட்டம் வரைந்தால், அது பயணியை ஊரிலிருந்து மலைக்கோ கரிசல் காட்டுக்கோ கொண்டு செல்லுமேயன்றி அடுத்த ஊருக்குக் கொண்டு செல்லாது.

மூன்றாவது, கரை தொடர்ச்சியானது அன்று. மடை இருக்குமிடத்தில் கரை உறுதியாகவே இருக்கும். மடைக்கல்லின் மேல் வண்டியை உருட்டிச் செல்லலாம். சிக்கல் கலுங்கில்தான். கண்மாய் நிறைந்த பின் மிகைநீர் வழிவதற்காகக் கரையின் ஒரு முனையில் தாழ்வாகக் கல்லால் கட்டப்படுவது கலுங்கு. அதன் வழியே மறுகால் பாயும்போது அப்புறம் செல்ல இயலாது. கோடையிலும் கலுங்கின் படிக்கட்டு போன்ற கல்வரிசையில் வண்டியைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். மறுகால் நீர் கீழே உள்ள அடுத்த கண்மாய்க்கு வரத்துநீர் ஆகிறது. இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்களை நீர் மேலிருந்து கீழாக இணைக்கிறது. பயணி தேடும் பக்கவாட்டு இணைப்பை நீர் அமைத்துத் தருவதில்லை. கரை முடியும் இடத்திலிருந்து அடுத்த கரை தொடங்கும் இடம் வரை தென்னந்தோப்பின் வேலியோரமும் வயல் வரப்பும் வண்டிப்பாதையுமே துணை. இந்நிலப்பகுதி தருவது ஒரு கோடு அன்று, கண்ணிகள் பல கொண்ட வலை என்பது இக்கட்டுரையின் கருத்து.

குளமும் வழியும் ஒருங்கே எண்ணப்பட்டமைக்கு இலக்கியச் சான்று உண்டு. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலத்தின் வெண்பா ஒன்று, துறக்கம் புகுதற்குரிய ஐந்து அறச்செயல்களைக் கூறுமிடத்துக் குளம் தோண்டுதலையும் மரம் நடுதலையும் வழி செப்பம் செய்தலையும் அடுத்தடுத்து வைக்கிறது. வயலும் கிணறும் பின்னர் வருகின்றன. அங்குள்ள வழி என்னும் சொல்லுக்கு மக்கள் நடக்கும் வழி எனப் பொருள் கொள்வது உரைமரபு. நீர்வழியாகிய வரத்துக்கால் எனக் கொள்வாரும் உளர். பாசன அமைப்பின் உறுப்புகளையே அவ்வெண்பா வரிசைப்படுத்துகிறது எனக் கருதுவோருக்குப் பிந்திய பொருள் உவப்பானது. எனினும் மரம் நடுதலை அடுத்து வருவதால் நடைவழி என்ற பொருளே பொருத்தமாகப் படுகிறது. நிழலும் வழியும் பிரியாதவை அல்லவா? குளக்கரையில் மரம் நட்டு, அதன் நிழலில் நடைவழியைச் செதுக்கியவர்கள் ஒரே செயலின் பகுதிகளாகவே இவற்றைக் கருதியிருக்க வேண்டும்.

கரையில் வழி இருந்தமைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. குதிரைக்காக இழுவழி தோன்றியது போல, நீர்ப்பாய்ச்சிக்காகக் கரைவழி தோன்றியது. மடை திறப்பவர் நாள்தோறும் நடந்தாக வேண்டும். அடைமழை இரவுகளில் ஊரார் விளக்கோடு கரையில் நடந்து உடைப்பு எடுக்கும் இடத்தைத் தேட வேண்டும். மண் சுமக்கும் வண்டி கரைமேல் செல்ல இடம் வேண்டும். உத்திரமேரூரில் முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்ற தனி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அத்தகைய ஆட்சிமுறை கரையில் நடக்கும் மனிதர் இல்லாமல் இயங்கியிருக்க முடியாது.

மலையடி முதல் கரிசல் வரை

இராசபாளையத்தின் மேற்கே அய்யனார் கோவில் ஆற்றின் பக்கம் நகரின் குடிநீருக்கான ஆறாவது மைல் நீர்த்தேக்கம் உள்ளது. தெற்கே தேவதானத்தில் நகரியாற்றின் குறுக்கே சாஸ்தா கோவில் அணை; வடக்கே வத்திராயிருப்பை அடுத்துப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். தேவியாறு, காயல்குடியாறு, அர்ச்சுனா நதி முதலியன எல்லாம் வைப்பாற்றின் கிளைகளே. மலையடியில் செம்மண்ணும் மாந்தோப்பும் தென்னையும். கிழக்கே சில கிலோமீட்டரில் கரிசல் தொடங்கிவிடுகிறது.

மேற்கே ஓர் எல்லை உண்டு. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. செண்பகத்தோப்புப் பக்கம் ஓடைக்கரை எவ்வளவு அழகாயினும் அதனை மிதிவண்டி வழியாகக் கருதுவது முறையன்று. யானைகள் மாலையில் மாந்தோப்பு வரை இறங்கி வரும் நிலத்தில் ஓசையின்றி வரும் மிதிவண்டி, மோட்டார் ஊர்தியைக் காட்டிலும் ஆபத்தானது. யானைக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது. ஆகவே கரைவழி என்று நாம் பேசுவது காட்டின் விளிம்புக்குக் கிழக்கேயும் நெடுஞ்சாலையின் இருபுறத்தும் உள்ள ஊர்க்கண்மாய்களைப் பற்றியே.

ஆறுகளின் கரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கண்மாய்க்கு இருப்பது போன்ற எழுப்பிய கரை இவ்வாறுகளுக்கு நெடுகிலும் இல்லை. வறண்ட ஆற்றுமணலில் சக்கரம் புதையும். ஆயினும் அர்ச்சுனா நதி கிழக்கே சென்று வைப்பாற்றோடு கூடும் இடத்தருகே இருக்கன்குடி மாரியம்மன் கோவில் அமைந்திருப்பதால், ஆடி மாதத்தில் இந்நதியை ஒட்டிய ஊர்களிலிருந்து அடியார்கள் காலங்காலமாக நடந்து செல்கின்றனர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைச் சீனிவாசப் பெருமாள் கோவிலுக்குக் கால்நடையாகச் செல்வோரும் அவ்வாறே. இவர்களில் பெரும்பாலோர் இன்று தார்ச்சாலையின் ஓரத்தில், முதுகில் ஒட்டிய ஒளிப்பட்டையோடு நடக்கின்றனர். ஊர்தி இல்லா வழி என்பது பொழுதுபோக்குக்குரிய கோரிக்கை மட்டும் அன்று என்பதற்கு இவர்களே சான்று.

முள், சேறு, காற்று

கரைவழிப் பயணத்தின் முதல் எதிரி சீமைக் கருவேலம். கரையின் உள்சரிவிலும் நீர்பிடிப் பகுதியிலும் மண்டியுள்ள இம்மரத்தின் காய்ந்த கிளைகள் பாதையில் உதிர்ந்து கிடக்கும். அதன் முள் டயரையும் டியூபையும் ஒருங்கே துளைக்கும். இக்கட்டுரையாளர் ஒரே காலையில் மூன்று முறை பஞ்சர் ஒட்டி, நான்காவது முறை வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலைக்குத் திரும்பியதுண்டு. கரைக்கு வேர்ப்பிடிப்பு வேண்டுமெனில் பனையே பழைய தேர்வு. பனைக்கரையில் முள் இல்லை, நிழல் மட்டும் குறைவு.

அடுத்தது மண். செவல் கரை மழை விட்ட மறுநாளே உலர்ந்துவிடும். கரிசல் கரை அப்படியன்று: நனைந்த கரிசல் சக்கரத்திற்கும் மட்காடுக்கும் இடையே அப்பி, நூறு அடிக்குள் சக்கரத்தைச் சுழலவிடாமல் செய்துவிடும். குச்சியால் சுரண்டி எடுத்து, மீண்டும் நூறு அடி சென்று, மீண்டும் சுரண்ட வேண்டும். கோடையில் அதே மண் வெடித்து, வெடிப்பில் முன்சக்கரம் சிக்கும். ஐரோப்பிய வழிகளில் பரப்பும் நொறுங்கிய கல்தூள் போன்று இங்கே சரளை மண்ணைப் பரப்பலாம். தார் அல்லது கான்கிரீட்டு இடுவதைப் பலரும் பரிந்துரைப்பர். அது தவறு என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். மண்கரை ஆண்டுதோறும் சற்றே அமுங்கும், அதன்மேல் மண் கொட்டி உயர்த்த வேண்டும். கான்கிரீட்டுப் பட்டை ஒன்றை வைத்துவிட்டால் அடியில் ஏற்படும் நீர்க்கசிவும் எலிவளையும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். மேலும், கெட்டித்தளம் இட்ட மறுவாரம் அதில் டிராக்டர் செல்லும்.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வரும் மேல்காற்று உயர்ந்த கரையில் செல்பவரைப் பக்கவாட்டில் தள்ளும். நீர்ப்பக்கமா வயற்பக்கமா என்பது காற்றின் விருப்பம். தை, மாசி மாதங்களே இப்பயணத்திற்கு ஏற்றவை: மறுகால் நின்றிருக்கும், கண்மாயில் நீர் இருக்கும், கரை உலர்ந்திருக்கும், நீர்ப்பறவைகளும் இருக்கும்.

கரை யாருக்குரியது

மிதிவண்டி இங்கே அயலான பொருள் அன்று. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் வண்டிகள் ஊர்தோறும் வந்தன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் இல்லாத தெருவில்லை என்ற காலம் இருந்தது. திருவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான பாலைச் சுற்றுவட்டாரத்திலிருந்து கேன்களில் கொண்டுவந்த பால்காரர்களின் கேரியர் சைக்கிளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டி கற்றது தமிழகச் சமூக வரலாற்றின் குறிப்பிடத்தக்க நிகழ்வு. பின்னர் 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் சில ஆண்டுகளில் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. வண்டியை அரசு கொடுத்தது. அதனை அச்சமின்றி ஓட்டும் வழியைப் பற்றி எவரும் பேசவில்லை. பதினோராம் வகுப்பில் கிடைத்த வண்டி, பள்ளி முடிந்ததும் திண்ணையில் சாத்தப்படுவதற்கு வறுமை நீங்கியது மட்டுமே காரணம் அன்று.

கரையில் பாதை அமைக்க விழைவோர் முதலில் எதிர்கொள்வது உரிமைச் சிக்கலை. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு உரியவை. இரண்டு கரைகளுக்கு இடைப்பட்ட வண்டிப்பாதை வருவாய்த்துறை ஏட்டில் புறம்போக்கு. தோப்போரத் தடம் தனியார் பட்டா. ஆக, 11 கிலோமீட்டர் தொலைவில் பயணி நான்கு வகை ஆட்சிக்குள் மாறி மாறிப் புகுந்து வெளிவருகிறார். தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் (2007) கண்மாயின் எல்லையை அளந்து காட்ட வகை செய்கிறது. எல்லை அளக்கப்பட்டால் கரையும் அளக்கப்பட்டதாகும். ஆனால் கரையின்மேல் நடப்போரின் வழியுரிமை அச்சட்டத்தின் பொருள் அன்று.

கரையைப் பேணும் கடமையின் வரலாறும் இதனோடு பிணைந்தது. குடிமராமத்து என்பது ஊரார் தாமே கூடிக் கரை கட்டும் வழக்கம். அதனைக் கட்டாயமாக்கிச் சென்னை மாகாண அரசு 1858இல் சட்டம் இயற்றியது. வழக்கம் சட்டமானபோதே அதன் உயிர் போய்விட்டது என்பாரும், நிலவரி உயர்ந்து ஊர்ப்பொதுநிதி குன்றியதே சிதைவுக்குக் காரணம் என்பாரும் உளர். பின்னதே வலுவான வாதமாகத் தோன்றுகிறது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் தூர்வாரும் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. கரையை உயர்த்தி அகலப்படுத்தும் பணிகள் அதில் நடந்தன. அகலமான கரை மிதிவண்டிக்கு நல்லதுதான். ஆனால் அகலமான கரை, மண் அள்ளும் லாரிக்கும் நல்லது.

இங்குதான் உண்மையான முரண் எழுகிறது. கரைவழி ஆளற்றுக் கிடந்தால் கருவேலம் மூடும். குப்பை கொட்டும் இடமாகும். மாலைக்குப் பின் பெண்கள் அஞ்சும் இடமாகும். வழி நன்கு அமைந்தாலோ மோட்டார் சைக்கிள் முதலில் வரும், சுமையுந்து பின்னால் வரும், பிறகு அது சாலையாகிவிடும். தமிழகத்தில் இன்று பேருந்து செல்லும் சாலைகள் சில, ஒருகாலத்தில் மாட்டுவண்டி சென்ற ஏரிக்கரைகளே. தஞ்சைப் பகுதியில் புது ஆறு என வழங்கும் கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணையோடு பயனுக்கு வந்தது; அதன் கரைகள் பல இடங்களில் முழுநிலைச் சாலைகளாகவே மாறியுள்ளன. உத்தரப்பிரதேசத்தில் 1854இல் திறக்கப்பட்ட மேல் கங்கைக் கால்வாயின் கரைத்தடமும் அவ்வாறே. பாசன அதிகாரிகள் குதிரையில் சென்று மேற்பார்வையிட அமைத்த தடம் அது. இன்று காவடி எடுத்துச் செல்லும் அடியார்க்கும் ஊர்திகளுக்கும் பொதுவான நெடுஞ்சாலை.

கரையின் இரு முனைகளிலும் கற்றூண்கள் நட்டு நாற்சக்கர ஊர்திகளைத் தடுக்கலாம். மோட்டார் சைக்கிளை அது தடுக்காது. அதனையும் தடுக்குமாறு குறுக்கினால், தூக்கணத்தில் பால்கேன் தொங்கும் மிதிவண்டியும், புல்லுக்கட்டு ஏற்றிய மிதிவண்டியும், மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளியும் செல்ல இயலாது. பிரித்தானியாவில் இழுவழிகளின் வாயில் தடுப்புகளை இப்போது அகற்றி வருவது இக்காரணத்தாலேயே. தூணைவிட ஊரின் கண் வலியது. ஆயக்கட்டு உழவர்கள் மாலையில் கரையில் அமர்ந்திருக்கும் கண்மாய்களில் மண் லாரி ஏறுவதில்லை; எவரும் வராத கரைகளில் ஏறுகிறது.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே கரைவழியை வரைபடமாக்க விழையும் ஆய்வாளர் செயற்கைக்கோள் படத்திலிருந்து தொடங்குவது இயல்பு. படத்தில் கரைகள் தெளிவாகத் தெரியும், கலுங்குகள் தெரியா. மறுகால் எந்த மாதத்தில் எத்தனை நாள் ஓடும், கலுங்கை எவ்விடத்தில் தூக்கிக் கடக்கலாம், எந்தத் தோப்புக்காரர் படலைத் திறந்து விடுவார் என்பன நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். அவர்களுள் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள். கண்மாய்களின் பெயரும் மடைகளின் பெயரும் அவர்கள் நாவில் உள்ளன. ஒவ்வொரு மடைக்கும் தனிப்பெயர் உண்டு. அப்பெயர்களைத் தொகுக்கும் கள ஆய்வை, வருகிற தை மாதம் மறுகால் நின்றவுடன் தொடங்குவது நலம்.